பேய்முகக்காரர் தாத்தாவான கதை

லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் இருப்பவர் ஒரு நடிகர். கிழக்கு ஐரோப்பாவில் பிறந்து, இளம் வயதில் இங்கே வந்தவர். நாற்பது வருடமாகப் பேய், பிணம், கோட்டைக் கதவை மெல்லத் திறக்கிற வேலைக்காரர் என்பவற்றைத் தவிர அவருக்கு வேறு வேடமே கிடைத்ததில்லை. ஒருமுறை வைத்தியராக நடித்தாராம். பாதிப் படத்தில் அந்த வைத்தியர் நோயாளிகளைத் தின்னத் தொடங்கிவிட்டார்.

நேரில் அவர் குப்பையைச் சரியான தொட்டியில் போடுகிற மனிதர். எங்கள் பிள்ளை வண்டியைப் படியேற்றித் தருவார். பத்து மாத மகள் அவரைக் கண்டால் கன்னத்தைப் பிடித்து இழுப்பாள். அதை அவர் விருதுபோல வாங்கிக்கொள்வார். நான் கிருமிகளை நினைத்துக் கவலைப்படுவேன். பிறகு அப்படி நினைத்ததற்காகவும் கவலைப்படுவேன்.

ஒரு பிஸ்கட் விளம்பரத்துக்குத் தாத்தா தேவைப்பட்டார். நடிகர்கள் இப்போது தேர்வுக்குத் தாங்களே நடித்து, போனில் படமெடுத்து அனுப்பவேண்டுமாம். மகளை மடியில் வைத்து ஒரு நிமிடம் சிரிக்கலாமா என்று கேட்டார்.

"என்னைப் பார்த்து ஒருவரும் பயப்படாத வேடம் ஒன்றாவது செய்துவிட்டுச் சாகவேண்டும்," என்றார். சாவைப் பற்றி அவர் பேசினால் தொழில் அனுபவம் தெரியும்.

ஓம் என்று சொல்லிவிட்டு, சொன்னது சரியா என்று வாரம் முழுக்க யோசித்தேன். என் கணவர், பிஸ்கட்தானே என்றார். அவருடைய தாயார், என் மாமி, யோசிக்கவில்லை. போனில் தேடினார். நடிகர் சவப்பெட்டியிலிருந்து எழும்புகிற படம் வந்தது.

"உந்தக் கண்ணுக்கு முன்னாலயோ பிள்ளையை வைக்கப்போறாய்?"

நடிப்புத்தான் மாமி என்றேன்.

"நாப்பது வருசம் நடிச்சா ஒட்டாதே?"

பட்டம் பெற்ற எனக்கும் அது அரைவாசி நியாயமாகப்பட்டது.

படமெடுக்கிற நாளன்று நடிகர் புதிதாக வாங்கிய கம்பளிச் சட்டையோடு வந்து எங்கள் சோபாவில் அமர்ந்தார். மகள் மடியில், போன் என் கையில். அவர் சிரிக்கத் தொடங்கிய நேரம் பார்த்து மாமி, காலையிலேயே பிள்ளையின் தலையைச் சுற்றி எடுத்து வைத்திருந்த உப்பையும் செத்தல் மிளகாயையும் அடுப்பிலிருந்த காய்ந்த சட்டியில் போட்டார். கண்ணூறு என்கிற கண்திருஷ்டியை அது படுகிற இடத்திலேயே கழித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. வீடு முழுக்கப் புகை. அலாரம் அலறியது. நடிகர் பிள்ளையின் முகத்தைச் சட்டையால் மூடி, கண்ணீர் வழிய, அப்போதும் சிரித்தபடியே ஜன்னலுக்கு ஓடினார். நான் படமெடுத்துக்கொண்டே பின்னால் ஓடினேன்.

மிளகாய் கமறாவிட்டால்தான் கண்ணூறு. கமறினால் இல்லை. இது மாமியின் சட்டம். நாங்களோ பக்கத்து வீடு வரைக்கும் கேட்க இருமினோம். மாமியும் இருமி முடித்துவிட்டுச் சட்டியை இறக்கினார்.

"இந்த மனுசனிலை ஒண்டுமில்லை. பாவம். தேத்தண்ணி குடு பிள்ளை."

மிளகாயின் சாட்சியத்தில் அவர் விடுதலையானார். மேல்முறையீடு இல்லை.

மறுபடி எடுக்கலாம் என்றால் மகள் தூங்கிவிட்டாள். இருந்த படத்தில் நடிகர் ஓட்டத்தை வெட்டி எறிந்து, அழுகிற துண்டை மட்டும் அனுப்பினார். பாசத்தில் இப்படிக் கண்கலங்கும் தாத்தாவைத்தான் தேடினோம் என்று கம்பெனி பதில் எழுதியது.

படப்பிடிப்பில் பேரனாக நடிக்க வந்த பையன் அவரைக் கண்டதும் மேசைக்குக் கீழே புகுந்துவிட்டானாம். கெஞ்சியும் வரவில்லை. கடைசியில், இவருடைய கையை மட்டும் மேசைக்குக் கீழே நீட்டச் சொல்லிப் படமெடுத்தார்களாம்.

விளம்பரம் வந்தபோது எங்கள் வீட்டில் இருந்துதான் பார்த்தார். சுருக்கம் விழுந்த கையொன்று பிஸ்கட்டை நீட்டியது. சின்னக் கையொன்று வந்து எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான். முகம் எங்கே என்று கேட்க மாமி வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

நடிகர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"பார்த்தீர்களா," என்றார், "கொஞ்சமும் யோசிக்காமல் வாங்கிக்கொண்டான்."