அண்ணாச்சி சத்தம் கொடுத்தால்

மலையேறும்போதும் போர்மேன் அண்ணாச்சி வாசலைத் தேடிக்கொண்டேதான் நடந்தார். வத்திராயிருப்புக்கு மேற்கே, காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் மரங்கள் நெருக்கியடித்து நின்றன. நாலு எட்டு வைப்பார், திரும்பி எங்களை எண்ணுவார், மறுபடி நடப்பார். தீபாவளி லோடு எல்லாம் போன பிறகு பட்டாசு கம்பெனியில் விட்ட லீவு அது. வெடிமருந்து அறையில் வேலை பார்த்த பெண்கள் எட்டுப் பேரும், துணைக்கு அவரும் சும்மா மலை பார்க்கக் கிளம்பியிருந்தோம். "இம்புட்டு மரத்துக்கும் சேத்து ஒத்த வழிதானா?" என்று அவர் முனகியதைக் கேட்டு என் அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கும் அந்தப் பாதையில் மூச்சு முட்டத்தான் செய்தது.

எங்கள் கம்பெனி சாத்தூர்ப் பக்கம். அங்கே ஓர் அறைக்கு நாலு வாசல், எந்தப் பக்கமும் தப்பி ஓடுவதற்கு. வானம் உறுமினால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வெட்டவெளிக்கு வந்துவிட வேண்டும். மருந்து இருக்கிற கூரைக்குக் கீழே ஆள் நிற்கக் கூடாது. அண்ணாச்சி "வெளிய" என்று ஒரே ஒரு சத்தம் கொடுப்பார். ஏன், எதற்கு என்று கேட்டவளுக்கு மறுநாள் வேலை கிடையாது. ஒருமுறை அந்தச் சத்தத்துக்கு ஓடி, வேப்பமரத்தைத் தாண்டி வந்து திரும்பிப் பார்த்தால், இடி விழுந்து அறையே இல்லை. அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களில் நானும் அக்காவும் உண்டு. அதற்குப் பிறகு அவர் குரல் கேட்டால் எங்கள் கால் தானாக எழும்.

காடு முடிந்ததும் புல்வெளி வந்தது. கரிசலையும் பொட்டலையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அவ்வளவு பச்சையை நம்ப முடியவில்லை. முழங்கால் உயரப் புல், காற்றுக்குச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. கூட வந்தவர்கள் புல்லில் படுத்து உருண்டார்கள். எனக்கும் அண்ணாச்சிக்கும்தான் உட்கார இருப்புக்கொள்ளவில்லை. அவர் மேற்கே பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழவும் எல்லோரும் ஓடி, சரிவில் இருந்த ஆழமான பாறைக் குகைக்குள் புகுந்தோம். தலையைத் துவட்டக்கூட இல்லை, முதல் இடி விழுந்தது.

"வெளிய" என்றார் அண்ணாச்சி.

ஒருத்திகூட நிற்கவில்லை. எட்டுப் பேரும் பாய்ந்து போய்ப் புல்வெளி நடுவே, கொட்டுகிற மழையில், கம்பு நட்டாற்போல் நின்றோம். எதிர்ச் சரிவில் தனியாக நின்ற ஒரு மரத்தின் மேல் மின்னல் இறங்கியது. மரம் இரண்டாகப் பிளந்ததைக் கண்ணால் பார்த்தேன். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. அக்கா கையைப் பிடித்து இழுத்தேன்.

"அண்ணாச்சி, இங்கன ஏது மருந்து? பாறைதான இருக்கு. உள்ள வாங்க, எல்லாரும் உள்ள வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். மற்றவர்கள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக என் பின்னால் வந்தார்கள். அவர் கடைசியாக வந்தார். "சரிதான் தாயி, என் புத்தி கம்பெனியிலயே கெடக்கு" என்றார். இறங்கி வரும் வழியெல்லாம் அவரைக் கேலி செய்துகொண்டு வந்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அடுத்த சித்திரையில் ஒரு மத்தியானம் வானம் உறுமியது. அண்ணாச்சி சத்தம் கொடுத்தார். அக்கா எழவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். நான் வாசல் வழியாக வானத்தைப் பார்த்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். அப்புறம் ஓடினோம். ஒன்றும் ஆகவில்லை, நாலு தூறல் போட்டுவிட்டு மேகம் கலைந்துவிட்டது. அண்ணாச்சி திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. சாயங்காலம் வண்டி ஏறும்போது என்னைக் கூப்பிட்டார்.

"மலையில நீ சொன்னது சரிதான் தாயி. ஆனா இன்னைக்கு என் சத்தத்தைக் கேட்டுட்டு யோசிச்சீக. இனிமே நான் கத்திப் பிரயோசனமில்லை. புதுசா ஒருத்தன் கத்தட்டும், ஓடுவீக."

மறுநாள் அவர் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. அவர் வேலையை விடும்படி செய்தது நான்தான் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் புல்வெளியில் என்ன ஆகியிருக்கும் என்பதும் தெரியும். இரண்டும் தெரிந்து எனக்கு ஓர் ஆறுதலும் இல்லை.

நான் கல்யாணமாகி விருதுநகருக்கு வந்துவிட்டேன். அக்கா இன்னமும் மருந்து அறையில்தான் இருக்கிறாள். இங்கே வானம் இருட்டினால் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன். புதுப் போர்மேன் இப்போது கத்தியிருப்பார். அவள் எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடாமல், பக்கத்தில் நான் இருப்பதாக நினைத்து, என் முகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாளோ என்று மழை விடும்வரை நின்றுகொண்டே இருப்பேன்.