இல்லை என்று சொல்லத் தெரியாத பெவின்

தன் புருஷன் பெவினையும் தன்னையும் பற்றி ஒரு பக்கம் நற்சான்றிதழ் எழுதித் தரச் சொல்லி ஜெப்ஸி வந்து நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பது வருஷமாக என் வீட்டு மாடியில் குடியிருக்கிறவர்கள். ஒரு பக்கத்தில் எதை எழுதுவது, எதை விடுவது? வீட்டுக்காரி எழுதினால் செல்லுமா என்று கேட்டேன். பிள்ளையைத் தத்தெடுக்க விண்ணப்பிக்கிறவர்களை நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் எழுதித் தர வேண்டுமாம், சொந்தக்காரர்களாக இருக்கக் கூடாதாம், அவ்வளவுதானாம். என் பெயர் பொன்செல்வி. மாப்பிள்ளையூரணியில் கீழ்வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை என்றால் ஒரு மணி நேரத்தில் தைத்துக் கொடுத்துவிடுவேன். அந்த ஒரு பக்கம் எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. அதில் எழுதாமல் விட்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

பெவினுக்கு ஊர் நாசரேத், ஜெப்ஸிக்குச் சாத்தான்குளம். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவன் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குச் சாமான் கொண்டு ஏற்றும் கம்பெனியில் வேலை பார்க்கிறான். காய்கறி, இறைச்சி, கயிறு, பெயிண்ட், சமயத்தில் கிட்டார் கம்பிகூடக் கேட்பார்களாம். அந்தத் தொழிலில் இரண்டு பாடம் உண்டு. கப்பல்காரன் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. ரெடி சார், வந்துகிட்டிருக்கு சார் என்று சொல்லிவிட்டு, அப்புறம் ஊரெல்லாம் அலைந்து பிடித்துக்கொண்டு வர வேண்டும். இரண்டாவது, கேப்டனையோ சமையல்காரரையோ பார்க்க வெறுங்கையை வீசிக்கொண்டு போகக் கூடாது. பதினாலு வருஷத்தில் இது இரண்டும் அவன் ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது. ஜெப்ஸி கத்தரிக்காய் வாங்கச் சொல்லி இவன் மறந்திருந்தாலும் "வந்துகிட்டிருக்கு" என்றுதான் பதில் வரும். அவள் கரண்டியோடு வாசலில் வந்து நிற்பாள்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிவிட்டு, போதும் என்று ஒரு நாள் அவர்களே நிறுத்திக்கொண்டார்கள். அதற்கப்புறம் ஆறு மாதம் மாடியில் சத்தமே இல்லை. தத்தெடுக்கக் கம்ப்யூட்டரில் பெயர் பதிந்த அன்றைக்குத்தான் பழைய சத்தம் திரும்பி வந்தது. ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு எதுவானாலும் சரி என்று போட்டார்களாம். வயது இரண்டுக்குள் என்று போட்டார்களாம். அதோடு விட்டார்களா? தொட்டிலை ஜன்னல் பக்கம் போடுவதா கதவுப் பக்கம் போடுவதா என்று இரண்டு பேரும் ஒரு வாரம் சண்டை போட்டார்கள். இன்னும் தொட்டிலே வாங்கவில்லை. மாடிப்படிக்குப் பிள்ளை விழாமல் ஒரு கம்பிக் கதவு போட்டுக்கொள்ளட்டுமா என்று என்னிடம் வந்து பம்மினார்கள். சுவரில் ஓட்டை போட்டால் பூசித் தர வேண்டும் என்று முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வீட்டைப் பார்த்து விசாரித்து அறிக்கை எழுத மாவட்ட அலுவலகத்திலிருந்து பானுப்ரியா என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. ஓட்டப்பிடாரத்துக்காரி. அவள் எழுதுவதை வைத்துத்தான் மேற்கொண்டு எல்லாம். நற்சான்று எழுதியவள் என்பதால் என்னையும் மாடியில் உட்கார வைத்தார்கள். பெவின் கப்பலில் ஏறுகிற மாதிரி, தன் வீட்டுக்குள்ளேயே ஷூ போட்டுக்கொண்டு நின்றான்.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவீர்கள் என்று கேட்டாள். ஏற்பாடு பண்ணியாச்சு மேடம் என்றான். பிள்ளை உங்களிடம் ஒட்டாவிட்டால் என்றாள். ஒட்டிரும் மேடம், ரெடி மேடம் என்றான். எனக்கு அவன் தொடையில் நறுக்கென்று கிள்ள வேண்டும் போலிருந்தது. அப்புறம்தான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"பிள்ளை வளந்து, என்னைப் பெத்தது யாருன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க சார்?"

"அந்தப் பேச்சே வராது மேடம். நாங்கதான் பெத்தோம்னு வளத்துருவோம். ஜெப்ஸி மாசமா இருக்கான்னு ஊர்ல சொல்லிக்கிடலாம். வயித்துல கட்ட பொன்செல்வி அக்கா தலகாணி தச்சுத் தந்துருவாங்க. எல்லாம் பிளான் பண்ணியாச்சு."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தானா பாவி! ஜெப்ஸியைப் பார்த்தேன். அவளுக்கும் அப்போதுதான் தெரியும் என்பது அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பானுப்ரியா பேனாவை மூடினாள். உண்மையைச் சொல்லித்தான் வளர்க்க வேண்டும், அது பிள்ளையின் உரிமை, யோசித்து வையுங்கள், இன்னொரு தடவை வருவேன் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கீழே அவளுடைய ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் ஒரு தெர்மாகோல் பெட்டி உட்கார்ந்திருந்தது. அதன் மூடி இடுக்கு வழியாக இரண்டு நீள மீசை வெளியே நீட்டிக்கொண்டு ஆடியது. அவள் இரண்டடி பின்னால் போய் நின்றாள். பெவின் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, சிங்கி இறால் மேடம், கீழவைப்பாரிலிருந்து காலையில் வந்தது, உயிரோடு இருக்கிறது என்று விளக்கம் சொன்னான்.

"இத எடுங்க சார். நான் எழுதுற அறிக்கைக்கு நீங்க இறால் தந்தீங்கன்னு எழுதினா, உங்க விண்ணப்பம் இதோட நின்னுரும். தெரியுமா?"

எழுதுவேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லாமல் அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெவின் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தெருவில் நின்றான். ஜெப்ஸி விறுவிறுவென்று மாடியேறினாள். நான் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய்க் குழம்பு வைத்தேன். இறால் என்ன பாவம் செய்தது?

மத்தியானம் சோற்றையும் குழம்பையும் மேலே கொண்டுபோனபோது ஜெப்ஸி தட்டைத் தொடவில்லை. இறாலுக்காகத் திட்டப் போகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் இறாலைப் பற்றிப் பேசவே இல்லை.

"அந்தப் பிள்ளையச் சுமந்தவ ஒருத்தி இருப்பா. அவள இல்லாம ஆக்கிட்டுத்தான் நான் அம்மா ஆகணுமா? அப்படின்னா எனக்கு வேண்டாம்."

பெவின் ரெடி என்று சொல்லவில்லை. வந்துகொண்டிருக்கிறது என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். எனக்கும் சுருக்கென்றது. ஏனென்றால் அந்தத் தலையணை விஷயத்தில் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டானே என்றுதான் எனக்குக் கோபமே தவிர, பொய் சொல்வதில் தப்பிருப்பதாக நானும் நினைத்திருக்கவில்லை. ஊரில் நாலு பேர் வாயை அடைக்க வேறென்ன செய்வது என்றுதான் நினைத்தேன். உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அடுத்த பன்னிரண்டு நாளும் தெருவில் எந்த ஸ்கூட்டிச் சத்தம் கேட்டாலும் பெவின் எட்டிப் பார்த்தான். எழுதியிருப்பாங்களாக்கா, எழுதியிருப்பாங்களாக்கா என்று என் மெஷினுக்கு எதிரே வந்து நின்று உயிரை வாங்கினான். எனக்கென்னலே தெரியும், போய் வேலையைப் பாரு என்று விரட்டினேன். அவன் அந்தப் பக்கம் போனதும் நானும் தெருவைத்தான் பார்த்தேன்.

அவள் ஒரு சனிக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். பெவின் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, சட்டையில்லாமல், பின்னால் குழாயடியில் சாளை மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தான். கையெல்லாம் செதில். துண்டைத் தேடி ஓடி, ஜெப்ஸியின் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றான். ஜெப்ஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காபி கிடைக்குமா சார் என்று பானுப்ரியா கேட்டாள்.

"பால் இல்ல மேடம்" என்றான் பெவின்.

ஒன்பது வருஷத்தில் அவன் வாயிலிருந்து இல்லை என்ற சொல் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அவனே அதில் கொஞ்சம் அரண்டுபோனான் என்று நினைக்கிறேன். பானுப்ரியா உட்கார்ந்து, பழைய கேள்வியையே திரும்பக் கேட்டாள். பெவின் கையிலிருந்த செதிலைப் பார்த்துக்கொண்டே நிறுத்தி நிறுத்திப் பேசினான்.

"பெத்தவ யாருன்னு எங்களுக்கும் தெரியாது மேடம். அதனால தெரியாதுன்னுதான் சொல்லணும். ஆனா அப்படி ஒருத்தி உண்டுன்னு சொல்லுவேன். வெளியாளு யாரும் சொல்லுததுக்கு முன்னால நாங்களே சொல்லிருவோம். கேட்டுட்டு அழுதா என்ன செய்யணும்னு தெரியல. நானும் கூட உக்காந்து அழுவேன்னு நினைக்கேன்."

அப்புறம் மூச்சை இழுத்துவிட்டு, அன்றைக்கு இறால் வைத்தது தப்பு, அதை எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் ஜெப்ஸிக்கு அது தெரியாது, அதையும் சேர்த்து எழுதுங்கள் என்றான்.

"இறால அன்னைக்கே எழுதிட்டேன் சார்" என்றாள் பானுப்ரியா. "இன்னைக்கு நீங்க சொன்னதையும் அதுக்குக் கீழ எழுதுதேன்."

மூன்று வாரம் கழித்து, தையல் மெஷினில் நான் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. போனைப் பிடித்துக்கொண்டு பெவின் இறங்கி வந்தான். பின்னாலேயே ஜெப்ஸி. போனில் வந்திருந்ததை மூன்று பேரும் மாற்றி மாற்றி வாசித்தோம். அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள், காத்திருப்போர் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நான் அவன் முதுகில் ஒரு அறை விட்டேன். ஜெப்ஸி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையிலேயே மூக்கைத் துடைத்துவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் மாடியில்தான் எனக்கும் சாப்பாடு. பிள்ளை கைக்கு வர மூன்று வருஷத்துக்கு மேலே ஆகலாம் என்று பானுப்ரியா போனில் சொன்னதாகப் பெவின் கொஞ்சம் முகம் வாடிச் சொன்னான். சோறு போட்டுக்கொண்டிருந்த ஜெப்ஸி கரண்டியை வைத்துவிட்டு விரலை மடக்கி எண்ணினாள். கணக்கு டீச்சர் அல்லவா!

"நாம ரெண்டு வயசுக்குள்ளன்னுதான கேட்டிருக்கோம்? மூணு வருஷம் கழிச்சு வருதுன்னா, நம்ம பிள்ளை இன்னும் பிறக்கவே இல்ல."

எனக்குப் புல்லரித்துவிட்டது. சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் பண்ணுகிற வழக்கம் அவர்களுக்கு உண்டு. எப்போதும் பெவின்தான் செய்வான், நாலே வார்த்தையில் முடித்துவிட்டுத் தட்டில் கை வைப்பான். அன்றைக்குத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடினான்.

"ஆண்டவரே, எங்க பிள்ளையச் சுமக்கப் போற அந்த அம்மா இப்ப எங்கன இருக்காளோ தெரியாது. அவ இன்னைக்கு வயிறார சாப்பிட்டிருக்கணும்."

எனக்குச் சாமி வேறு. ஆனாலும் நானும் ஆமென் என்றேன்.