றிஸ்மினா கடலில் பிடித்த கோளாறு

கல்பிட்டித் துறையில் ரேடியோ ஊமையானாலும், மீன் தேடும் மெஷின் குருடானாலும் றிஸ்மினாவின் கடைக்குத்தான் வரும். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்த குடும்பத்துப் பிள்ளை அவள். புத்தளத்தில் போன் திருத்தப் பழகி, றிஸ்கானைக் கலியாணம் முடித்துக் கல்பிட்டிக்கு வந்து, படகுக் கருவிகளில் கைவைத்தாள். அவள் ஒழுங்கு என்று சொன்ன மெஷினுக்குத் துறையில் மறுபேச்சு இல்லை. அந்த நல்ல பெயர்தான் இந்த நோன்பில் நூஹுவின் தலையில் இடியாக விழுந்தது.

நூஹு, ஹிஸ்புல்லா முதலாளியின் பெரிய படகை ஓட்டுபவர். வைத்த திசையில் படகைத் தானாகக் கொண்டுபோகும் ஓட்டோ பைலட் அதில் உண்டு. நோன்பு தொடங்கியதிலிருந்து அது படகை ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது. வலை போட வேண்டிய இடம் எங்கேயோ கிடந்தது. றிஸ்மினா இரண்டு தரம் துறையில் வைத்துப் பார்த்தாள். வயர், பற்றரி, சுக்கான் மோட்டார், படகறையில் கட்டிலுக்குக் கீழே பூட்டியிருந்த, திசை காட்டும் கொம்பாஸ் பெட்டி, எல்லாம் ஒழுங்கு. மெஷினில் பிழையில்லை என்றாள். அப்படியென்றால் நோன்புக் களைப்பில் நூஹு தூங்குகிறார் என்று முதலாளி முடிவு கட்டினார். படகை வேறு ஆளிடம் கொடுக்கப் போவதாகச் சொல்லியும் விட்டார்.

நூஹு அவளுடைய கடைக்கு வந்தார். கோபப்படவில்லை, அதுதான் அவளைச் சுட்டது.

“தங்கச்சி, நான் நித்திரை கொள்ளல்ல. அல்லாஹ் அறிவான்.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடமா என்று அவள் யோசிக்கத் தொடங்கினாள். கரையில் ஒழுங்காக இருக்கிற மெஷின் கடலில் மட்டும் ஏன் குழம்ப வேண்டும்? கடலில் மட்டும் படகில் இருக்கிற, கரையில் இல்லாத சாமான் எது? தொழிலுக்குப் போகும்போது ஏற்றுவது அத்தனையும் ஏற்றி, தன்னையும் ஏற்றிப் படகை விடும்படி முதலாளியிடம் கேட்டாள். பெண்பிள்ளை கடலுக்குப் போவதா என்று துறையில் நாலு வாய் முணுமுணுத்தது. தங்கள் மெஷினைத் திருத்தித் தரும்போது முணுமுணுக்காத வாய்கள்தானே, கிடக்கட்டும் என்று றிஸ்கானோடு ஏறிவிட்டாள். முதலாளியும் வந்தார்.

கரை மங்கியதும் நூஹு ஓட்டோ பைலட்டைப் போட்டார். படகு நேர் மேற்கே போவதாகக் கொம்பாஸ் சொன்னது. தென்மேற்கே போவதாக ஜீபீஎஸ் சொன்னது. நூஹு கண்விழித்து நிற்க, முதலாளியின் கண்முன்னாலேயே படகு வழி மாறியது.

றிஸ்மினா கட்டிலடியில் குனிந்தாள். கொம்பாஸ் பெட்டியை ஒட்டி, பழைய சாரத் துணியில் சுற்றிய பெரிய ஸ்பீக்கர் ஒன்று. இஞ்சின் இரைச்சலில் ரேடியோவில் அந்தி மஃரிப் பாங்கு கேட்காமல் நோன்பு திறக்கப் பிந்திவிடுமென்று, நோன்பு மாதத்துக்கென்றே படகில் வேலை செய்யும் பொடியன்கள் கொண்டுவருவது. உப்புக்காற்றில் கெட்டுவிடுமென்று கரை சேர்ந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஸ்பீக்கருக்குள் இருப்பது காந்தம். பக்கத்தில் காந்தம் இருந்தால் எந்தக் கொம்பாஸ் உண்மை சொல்லும்?

“இதத் தூக்கி முன்னுக்குக் கொண்டு போய் வைங்க,” என்றாள்.

வைத்தார்கள். சுக்கான் தானாக அசைந்தது. படகு மெல்லத் திரும்பி மேற்கைப் பிடித்தது. ஸ்பீக்கரைத் திரும்பக் கட்டிலடியில் வைக்கச் சொன்னாள், படகு விலகியது. எடுக்கச் சொன்னாள், நேரானது. மூன்றாம் தரம் முதலாளியே தூக்கிப் பார்த்தார். றிஸ்மினாவுக்குச் சந்தோசத்தில் சிரிப்பு வந்தது, அதை அடக்க அவள் மினக்கெடவில்லை.

யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாத ஹிஸ்புல்லா முதலாளி தொண்டையைச் செருமினார்.

“நூஹு, மாப்புத் தாங்க. இந்தப் படக இனியும் நீங்கதான் ஓட்டோணும்.”

நூஹு தலையை மட்டும் ஆட்டிவிட்டு றிஸ்மினாவைப் பார்த்தார்.

“தங்கச்சி, மெஷின்ல பிழையில்லண்டு சொன்னீங்க. இப்ப மனுசன்லயும் பிழையில்லண்டு கரையில சொல்லுங்க.”

துறையில் கயிறு எறியுமுன்னே, எல்லாருக்கும் கேட்க அவள் அதைச் சொன்னாள்.