நான் அழித்த திருடி

பள்ளிக்கூடம் விட்டு வந்து, உலை வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தேன் என்றால், நான் பாடக்குறிப்பு எழுதுகிறேன் என்றுதான் மாமியார் நினைத்துக்கொள்வார். நானும் மறுத்துச் சொன்னதில்லை. நாள் முழுக்க மலையில் கொழுந்து பறித்துவிட்டு, இடுப்பில் கட்டிய ஈரப் படங்குத் துணியோடு வாசலில் வந்து நிற்கிற மனுஷியிடம், உங்கள் மருமகள் ஒரு குகைக்குள் பூதத்தோடு மல்லுக்கு நிற்கிறாள் என்று எந்த வாயால் சொல்வது? முப்பதைத் தாண்டிய டீச்சர் நான். பசறைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் என்னைக் கண்டால் கைகட்டி நிற்கும். அந்த மரியாதையைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவர் என் வீட்டுக்காரர். இப்போது கட்டாரில் ஏசி திருத்துகிற வேலையில் இருக்கிறார். படிக்கிற காலத்தில் பதுளை டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பழியாய்க் கிடந்து பழகிய ஆட்டத்தை, கல்யாணமான புதிதில் எனக்கும் சொல்லிக் கொடுத்தார். வாளும் மந்திரமும் பூதங்களும் நிறைந்த ஆட்டம். நம்முடைய ஆட்களை நாமே உருவாக்கி ஊர் ஊராக அழைத்துப் போக வேண்டும். சண்டை வந்தால் முறை வைத்துத்தான் நடக்கும்: நாம் ஓர் அடி, எதிரி ஓர் அடி. நம் முறையில் நாம் அசைகிற வரைக்கும் எதிரியும் அசையாது. நான் எழுந்து போய்ச் சோறு வடித்து, ரசம் தாளித்து, மாமியாருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தாலும் பூதம் ஓங்கிய கோடரியோடு அப்படியே நிற்கும். என் வாழ்க்கையில் எனக்காகப் பொறுமையாகக் காத்திருந்த ஒரே ஆம்பளை அதுதான் என்று அவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அவர் வெளிநாடு போன பிறகு எங்கள் பாதிக் குடும்பம் அந்த ஆட்டத்துக்குள்தான் நடந்தது. இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு. நான் பின்னேரம் ஆடி நிறுத்திய இடம் இணையத்தில் ஏறிவிடும். அவர் வேலை முடிந்து ரூமுக்கு வந்து அங்கிருந்து தொடர்வார். நிறுத்திச் சேமிக்கும்போது அந்தக் கணத்தின் சின்னப் படமொன்றும் கூடவே பதியும். மறுநாள் அந்தப் படத்தைப் பார்த்தே மனுஷன் எங்கே போய் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன். அவருடைய ஆள் கேடயம் பிடித்த வீரன். என்னுடையவள் அவனுக்குப் பின்னால் நின்று மந்திரத்தால் காயம் ஆற்றும் வைத்தியக்காரி. சில நாள் திறந்து பார்த்தால், எங்கிருந்தோ தேடியெடுத்த நல்ல மருந்துக் குப்பிகளை என் வைத்தியக்காரியின் பையில் போட்டுவிட்டுப் போயிருப்பார். போனில் சாப்பிட்டாயா என்று கேட்பதைவிட எனக்கு அது பெரிதாக இருந்தது.

அந்த ஆட்டத்தின் அடுத்த பாகம் வரப்போகிறது என்ற செய்தி வந்த நாளிலிருந்து அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. வருகிறது என்றார்கள், தள்ளிப்போகிறது என்றார்கள், மறுபடி வருகிறது என்றார்கள். ஆட்டத்தை உருவாக்குகிறவர்கள் விட்ட குட்டி முன்னோட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பூதத்துக்குப் பின்னால் தெரிகிற கதவு பழைய பாகத்தில் கடைசிவரை பூட்டிக் கிடந்த அதே கதவுதானா என்று முன்பின் தெரியாத ரசிகர்களோடு சண்டை பிடித்தார். இடையில் ஒரு வதந்தி கிளம்பியது. முறை வைத்து ஆடுவதை எடுத்துவிட்டு, நிற்காமல் ஓடும் சண்டையாக மாற்றப்போகிறார்களாம். அவரைவிட நான்தான் பதறினேன். எதிரி காத்திருக்காது என்றால் சோற்றை யார் வடிப்பது?

வதந்தி பொய்யென்று தெரிந்த அன்று நான் வகுப்பில் நிற்கும்போது எனக்குப் போன் எடுத்தார். வேலை நேரத்தில் எடுக்கிறவரே இல்லை. யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே காதில் வைத்தேன்.

"முறை அப்படியேதான் இருக்காம் புள்ள," என்றார்.

பிள்ளைகளுக்கு முன்னால் திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

லீவில் வந்து, முதல் திரையிலிருந்தே இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து ஆட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதுவரை யாரும் அதைத் தொடக்கூடாது. வழமைபோல அவர் வீரன், நான் வைத்தியக்காரி. சத்தியம் பண்ணச் சொன்னார், பண்ணினேன். ஒருவழியாக ஆட்டம் வெளிவந்தது, அவருடைய லீவுதான் வரவில்லை. ஊருக்குப் போன இன்னொருவர் திரும்பினால்தான் விடுவோம் என்று கம்பனியில் சொல்லிவிட்டார்கள். யாராவது கதையைச் சொல்லிக் கெடுத்துவிடக் கூடாது என்று ரசிகர் பக்கங்களை எல்லாம் போனிலிருந்து எடுத்துவிட்டார். அத்தனை வருஷம் காத்திருந்த மனுஷன், ஆட்டத்தை வாங்கி இறக்கி வைத்துவிட்டுத் திறக்காமல் இருந்தார். என் கணினியிலும் அது இறங்கிக் கிடந்தது.

அப்போதுதான் அந்த மழை பிடித்தது. பசறை ரோட்டில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை, ஸ்கூலை மூடிவிட்டார்கள். கொழுந்து முற்றிப்போகிறது என்று மாமியாரை மட்டும் மழையோடு மழையாக மலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். வீட்டில் நான் தனி. முதல் திரையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன் என்றுதான் திறந்தேன். அவருக்குத் தெரியாமலிருக்க இணையத்தைத் துண்டித்துவிட்டேன். அதிலேயே என் எண்ணம் எவ்வளவு நல்லது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆளை உருவாக்கும் இடம் வந்தது. வைத்தியக்காரியைத்தான் தேடிப் போனேன், வரிசையில் அவளுக்கு முன்னால் திருடி நின்றாள். எனக்கு அவள்மேல் எப்போதுமே ஒரு கண். பூட்டுத் திறப்பாள், நிழலில் மறைவாள், யாருக்கும் மருந்து போட மாட்டாள். அவள் முகத்தையும் நானே செய்தேன். என் நெற்றி, என் சப்பை மூக்கு, சின்ன வயதில் படியில் விழுந்து புருவத்தில் விழுந்த தழும்பு எல்லாம் வைத்தேன். முடித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் மூடவில்லை.

மழை விடுகிற வரைக்கும் அப்படித்தான் போனது. உண்மையைச் சொன்னால், அவர் இல்லாமல் நன்றாக இருந்தது. ஆடியதைவிட அதுதான் என்னை இன்றைக்கும் குத்துகிறது. யாருக்குப் பின்னாலும் நிற்காமல், யார் காயத்தையும் பார்க்காமல், எனக்குப் பிடித்த கதவைத் திறந்துகொண்டு எனக்குப் பிடித்த பக்கம் போனேன். ஒரு நாள் மாமியார் நனைந்து வந்து கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. அவரே அடுப்பைப் பற்றவைத்துத் தேத்தண்ணி ஊற்றி, எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். ஸ்கூலை மூடினாலும் உன்னை விடமாட்டேன் என்கிறார்களே என்று எனக்காக வருத்தப்பட்டார்.

கட்டாரிலிருந்து அவர் போன் எடுக்கும்போதெல்லாம் என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயமாக இருக்கும். ஸ்கூலும் இல்லையே, வீட்டில் என்ன செய்கிறாய் என்று ஒரு நாள் கேட்டார். துணி துவைக்கிறேன் என்றேன். அடைமழையில் துணி துவைக்கிற ஒருத்தி உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன். நன்றாகக் காயட்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மழை ஓய்ந்து, ரோடும் திறந்த பிறகு, லீவு கிடைத்துவிட்டது என்று தகவல் வந்தது. சந்தோஷப்படுவதற்கு முன்னால் எனக்குத் திருடியின் ஞாபகம்தான் வந்தது. அன்றைக்கே அவளை அழித்தேன். நிச்சயமாக அழிக்க வேண்டுமா என்று ஆட்டம் ஒரு தடவை கேட்டது, ஆம் என்றேன். மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும், மாட்டிக்கொள்ள மாட்டேன் என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது.

பதுளை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியபோது அவர் மெலிந்திருந்தார். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துப் போனார்கள். பெட்டியைப் பிரித்துக் கொடுக்க வேண்டியதை எல்லாம் கொடுத்து முடித்தோம். பிறகு ஒரு பின்னேரம், மாமியார் கோயிலுக்குப் போயிருந்த நேரம், கணினியைக் கட்டிலில் வைத்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். முதல் திரை வந்தது. மலையும் அதன்மேல் எரிகிற கோட்டையும். நான் "அட" என்றேன். நன்றாகத்தான் நடித்தேன் என்று நினைக்கிறேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வீரனைச் செய்து முடித்து, கணினியை என் பக்கம் தள்ளினார். நான் நல்ல பிள்ளையாக வைத்தியக்காரியிடம் போனேன்.

"அவ வேணாம் புள்ள. அந்தத் திருடியவே செய்," என்றார்.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அவராகவே சொன்னார். நான் இணையத்தைத் துண்டித்தது ஆடும்போது மட்டும்தான். அப்புறம் வேறு வேலைக்காக இணைத்தபோதெல்லாம் ஆட்டம் தன் பாட்டில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டிருக்கிறது. கட்டாரில் அவர் ஒரு நாள் எங்கள் கணக்கைப் பார்த்தால், புதிய பாகத்தில் யாரோ ஆடிச் சேமித்திருக்கிறார்கள். பக்கத்தில் சின்னப் படம், அதில் திருடி.

"மொதல்ல கோவம்தான் வந்திச்சி. பெறகு மூஞ்சியப் பாத்தேன். அப்படியே நீ. தழும்புகூட இருக்கு. வேல முடிஞ்சி வந்து அந்தப் படத்த மட்டும் பாப்பேன். ஆட்டத்த தொடல."

என்னிடம் கேட்டிருக்கலாமே என்றேன். கேட்டால் நீ நிறுத்திவிடுவாய் என்றார். ஒரு நாள் பாலத்தில் நின்றாளாம், ஒரு நாள் சந்தையில், ஒரு நாள் யாரோ ஒருவனுடைய கூரைமேல். எனக்குத் தெரியாமல் ஊர் சுற்றுகிறாள் பார் என்று ரூமில் தனியாகச் சிரிப்பாராம். வீடியோ காலில் தினமும் என் முகத்தைப் பார்க்கிறவர்தான். ஆனால் அது சமையல் கேஸ் முடிந்துவிட்டது, கூரை ஒழுகுகிறது என்று முறையிடுகிற முகம். சந்தோஷமாகச் சுற்றுகிற என்னை அவர் பார்த்தது அந்தச் சின்னப் படத்தில் மட்டும்தான். அப்புறம் ஒரு நாள் திறந்து பார்த்தால் ஆளைக் காணவில்லை.

"அழிச்சிட்டியா?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன்.

"வெளயாண்டதுக்குக் கோவம் இல்ல. ஆள அழிச்சிருக்க வேணாம்."

ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன். அழுகைதான் வந்தது.

அன்றைக்கு இரண்டு பேருமாக அவளை மறுபடி செய்து பார்த்தோம். மூக்கு இப்படியில்லை, தழும்பு இன்னும் கொஞ்சம் மேலே என்று அவர்தான் சொல்லிச் சொல்லித் திருத்தினார். செய்த எனக்கு ஞாபகமில்லை, பார்த்த அவருக்கு எல்லாம் ஞாபகமிருந்தது. எவ்வளவு மாற்றியும் அந்த முகம் வரவில்லை. என் தங்கச்சி என்று சொல்லக்கூடிய ஒருத்திதான் வந்தாள். போதும், இவளும் நல்லாத்தான் இருக்கிறாள் என்று அவர் சொன்னார். எனக்காகத்தான் சொன்னார் என்று தெரியும்.

லீவு முடிந்து அவர் போய்விட்டார். இப்போது பழையபடி பின்னேரம் நான் ஆடுகிறேன், வேலை முடிந்து வந்து அவர் தொடர்கிறார். ஆனால் நிறுத்துவதற்கு முன்னால் நான் ஒரு வேலை செய்கிறேன். அடுப்பில் சோறு பொங்கினாலும் சரி, மாமியார் வாசலில் வந்து நின்றாலும் சரி, திருடியைக் கொஞ்சம் வெளிச்சமான இடமாகப் பார்த்து நடத்திக்கொண்டு போகிறேன். அவர் இதைப் பற்றி இதுவரை எதுவும் கேட்டதில்லை. அவள் முகத்தை இந்தப் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு, அதன் பிறகுதான் சேமிக்கிறேன்.