இருட்டிலும் கடைசி வரி

கண் ஆராய்ச்சியில் கண்ணைக் காட்டும் ஆளைப் பிடிப்பதுதான் கஷ்டம். மற்றதைக் கருவி பார்த்துக்கொள்ளும். அடுத்தவர் படிப்புக்காக முன்பின் தெரியாதவர்களிடம் பல்லைக் காட்டி நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்கள் என் இனம்.

ஆள் சேர்த்தது

எழுபதுகளில் கல்கத்தாவில் ஒரு கல்லூரியின் பார்வை ஆராய்ச்சிக்கூடத்தில் நான் அட்டெண்டர். வைதேகியம்மா அங்கே பிஎச்.டி. செய்துகொண்டிருந்தார். பகலெல்லாம் ஊசியும் நூலுமாக இருக்கும் தையல்காரர்களுக்கு மாலையில் பார்வை மங்குகிறதா என்பது அவர் கேள்வி. வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வேலை முடிந்து ஒரு தடவை எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்ல வேண்டும். எத்தனை வரி படித்தார்கள் என்று நான் எண்ணிச் சொல்வேன். வழிகாட்டிப் பேராசிரியர் வருஷக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் முடியாவிட்டால் புது வழிகாட்டி, புதுத் தலைப்பு, எல்லாம் முதலிலிருந்து.

ஆள் சேர்ப்பது என் பொறுப்பு. எனக்கோ புது மனிதரிடம் பேச்சே வராது. கரியாஹாட்டில் ஒரு தையல்கடை வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன். கடை மாஸ்டரை எல்லாரும் நிர்மல்-தா என்பார்கள்; தாதா என்றால் அங்கே அண்ணன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கண்ணாடியும் தர மாட்டீங்க, மருந்தும் தர மாட்டீங்க. அப்ப கண் கோளாறு உங்களுக்கா, எங்களுக்கா?"

முதல் ஆள்

ஆனாலும் ஆட்களை அனுப்பினார். முதலில் வந்தவர் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கடைசி இரண்டு வரி அவருக்குத் தெரியவில்லை. அதனால் ஒன்றுமில்லை என்று வைதேகியம்மா எவ்வளவோ சொன்னார். அவர் முகம் தெளியவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி வந்து என்னிடம் மெல்லக் கேட்டார்: "மறுபரீட்சை எப்போ, தாதா?"

வளர்ந்த பார்வை

சில வாரங்களில் எல்லாரும் மாலையில் காலையைவிட நன்றாகப் படித்தார்கள். வைதேகியம்மா விளக்கை மாற்றினார். நாற்காலிக்கும் பலகைக்கும் உள்ள தூரத்தை நான் மறுபடி அளந்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. வரைபடத்தைப் பேராசிரியரிடம் காட்டினோம். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, நேராகவும் பிடித்துப் பார்த்தார். "வைதேகி, எனக்கும் கண் மங்குது. ரிட்டையர் ஆனதும் தையல்கடையில் சேர்ந்துடறேன்."

கரண்ட் போனது

ஒரு மாலை நிர்மல்-தாவே வந்து உட்கார்ந்தார். மூன்றாவது வரியில் லோட்ஷெட்டிங். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. என் கையே எனக்குத் தெரியவில்லை. நிர்மல்-தா நிறுத்தவில்லை. நான்காவது, ஐந்தாவது என்று கடைசி வரிவரை ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் படித்து முடித்தார்.

நான் மெழுகுவர்த்தி ஏற்றினேன். வைதேகியம்மா கேட்கக் கேட்க விஷயம் வந்தது. காலையில் வந்து போனவர்கள் எழுத்துகளை நினைவில் கொண்டுபோய், துணி வெட்டும் மேஜையில் சாக்கட்டியால் எழுதி, மாலைக்குள் மற்றவர்களுக்கும் பாடம் எடுத்திருக்கிறார்கள். "எங்களால தீதி பெயிலாகக் கூடாதுன்னு கடை முழுக்க உட்கார்ந்து படிச்சோம்" என்றார் நிர்மல்-தா. வைதேகியம்மா அவர்களுக்குத் தீதி, அதாவது அக்கா.

பூஜை சீசன்

எழுத்துப் பலகையைக் கழற்றிவிட்டோம். ஒரு பக்கம் இடைவெளி விட்ட வளையங்கள் வரைந்த தட்டு வந்தது. இடைவெளி எந்தப் பக்கம் என்று சொன்னால் போதும். தட்டை நான் திருப்பிக்கொண்டே இருப்பேன், மனப்பாடம் செய்ய முடியாது. ஆனால் அதற்குள் துர்கா பூஜைக்கான தையல் குவிந்துவிட்டது. கூப்பிட்டால் ஒருவரும் வரவில்லை. வைதேகியம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு, "வாங்க அண்ணா, நாமே போவோம்" என்றார்.

காலையும் மாலையும் கடைக்கே போனோம். மிஷினை நிறுத்தி, தெரிந்ததைச் சொல்லிவிட்டு, மறுபடி மிதித்தார்கள். தீதிக்கு உதவ யாருக்கும் நேரமில்லை. மாலைக் கணக்கு முதல் தடவையாக இறங்கியது. கடைசியில் நிர்மல்-தா. காலையில் சொன்ன சின்ன வளையங்களில் மாலையில் அவர் தடுமாறினார். சற்று நேரம் பார்த்தார். பிறகு மிஷின் சத்தத்துக்கு அடியில், எங்களுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "இது நிஜமாவே தெரியலை, தீதி. பசங்க காதுல போட வேண்டாம். பூஜை தொடங்கற ஷஷ்டிவரை ஆர்டர் வாங்கியிருக்கேன்."

பேராசிரியர் ஓய்வு பெறுமுன் ஆய்வேடு உள்ளே போனது, வைதேகியம்மா டாக்டரும் ஆனார். நல்ல மனசுள்ளவர்களை வேலை மும்முரத்தில்தான் சோதிக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் முடிவுரையில் எழுதவில்லை.