பின்சக்கரத்து நூல்வலை

சித்தூரில் மகள் ஆபீசுக்குப் போக வாங்கிய சைக்கிளில், சேலை சிக்காதிருக்கப் பின்சக்கரத்துக்கு வலை கட்டியிருந்தது. பார்த்ததுமே என் அப்பா, நைனா, நினைவுக்கு வந்தார்.

நான் சிறுமியாக இருந்தபோது நகரியில் எங்கள் வீட்டில் தறி. ஊர் ஆந்திராவுக்கா மெட்ராசுக்கா என்று எல்லோரும் அடித்துக்கொண்டிருந்த நாட்கள். பள்ளிக்குச் சைக்கிளில் வரும் தெலுங்கு டீச்சருக்கு, நைனா தறிநூலில் இப்படியொரு வலை பின்னிக் கொடுத்தார். நான் என் சடைக்கு ஒரு குஞ்சம் கேட்டு மாதமாகியும் அவர் செய்து தரவில்லை.

மறுநாள் வலையை பிளேடால் அறுத்தேன். சாயங்காலம் எங்கள் வாசலெதிரே சேலை சிக்கி டீச்சர் விழுந்தார். ஓடிவந்த நைனா நூல் நுனிகளைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் போட்ட முடிச்சு சரியில்லம்மா, அவுந்துடுச்சி," என்றார் டீச்சரிடம்.

என்னைக் காப்பாற்றினார் என்று அப்போது தோன்றவில்லை. அந்தம்மாவிடம் இவ்வளவு பணிவா என்றுதான் வயிறு எரிந்தது.

மகள் மணியடித்துக் கிளம்பினாள். ஒருநாளும் சைக்கிள் ஏறாத எனக்கு, பெற்ற பெண்ணைப் பார்த்தும் அதே எரிச்சல்.