இடிக்குப் பயந்து நிறுத்திய கொம்பியூட்டர்

இடி முழங்கினால் மாமாவுக்கு ஒரே வேலைதான். ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்துவிடுவார். மாமா என்பது என் கணவரின் தகப்பன். அவருடைய வீட்டு முன்னறையில்தான் என் அச்சுக்கடை. கடையில் என்ன ஓடுகிறது, யார் நிற்கிறார்கள், ஒன்றும் பார்க்கமாட்டார்.

அன்று பின்னேரமும் இழுத்தார். அந்த நேரம் பார்த்து கொம்பியூட்டர் தானாகவே அப்டேட் போட்டுக்கொண்டிருந்தது. யூ.பி.எஸ். பற்றரி எப்போதோ செத்துப்போயிற்று. திரும்பக் கரண்ட் வந்தபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் நின்றது.

எதிரே தொண்டைமானாற்றுக் கடற்தொழிலாளி ஒருவர் நனைந்த சேட்டோடு இருந்தார். அடுத்தநாள் விடிய அவருடைய மனைவியின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை, கீரிமலையில். வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டு, அவளுடைய படமும் வாழ்க்கையும் தேவாரங்களும் போட்ட சின்னப் புத்தகம், இந்தக் கொம்பியூட்டருக்குள்தான் கிடந்தது. நெல்லியடிக் கடைக்குக் கொண்டுபோகலாமென்றால் அங்கேயுள்ள புரோகிராமில் என் ஃபைல் திறக்காது.

"உதை ரெண்டு தட்டுத் தட்டிப் பாருங்கோவன், தங்கச்சி. எங்கடை வள்ளத்து எஞ்சின் அப்பிடித்தான் ஸ்ராட் வரும்."

"தட்டுறதெண்டால் வேறை ஆளைத்தான் தட்டவேணும், அண்ணை," என்றேன், மாமாவுக்குக் கேட்கத்தக்கதாக.

"இடி விழுந்திருந்தால் பெட்டி கருகியிருக்கும். நீ எனக்கு நன்றி சொல்லவேணும், பிள்ளை," என்றார் மாமா.

நான் கீபோர்ட்டைக் கிட்ட இழுத்துக்கொண்டேன். வாயைத் திறந்தால் வீட்டில் சண்டை.

என் கொம்பியூட்டர் ஓடுவது விண்டோஸில் இல்லை, லினக்ஸில். அதில் புரோகிராம்களை ஏற்றவும் கழற்றவும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஏற்றும்போது பாதியில் அறுந்தால் அதற்குக் கோபம் வந்துவிடும். அந்தப் பாதியை முடிக்காமல் வேறெதையும் தொடவிடாது. பாதியில் நின்றதை முடி என்று கட்டளை அடித்தேன். ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு போய், ஒன்றில் பிழை சொல்லி நின்றது. அந்த ஃபைல் அரைகுறையாகவே இறங்கியிருந்தது. அதைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாக இறக்கவேண்டும். மழைக்கு இணைய லைனும் போய்விட்டது. என் போனை வயரால் கொழுவி அதன் டேட்டாவில் இறக்கினேன். மெதுவாக ஊர்ந்தது. இறங்கி முடிந்து ஏற ஆரம்பித்தபோது மறுபடி முழங்கியது.

மாமாவின் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"மாமா! இப்ப அதிலை கை வைச்சால் எல்லாம் போச்சு!"

"வீடு பத்தினால் உன்ரை கடையும் போச்சு!"

தொழிலாளி எழும்பிப்போய் மெயின் சுவிட்சுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"தள்ளும் காணும்."

"மாட்டன், ஐயா. விழுந்தால் எனக்கு மேலை விழட்டும். அவளின்ரை புத்தகம் இல்லாமல் நான் போகமாட்டன்."

மாமா அவரைத் தொடவில்லை. திரையில் எழுத்துகள் ஓடி நின்றன. பிழை இல்லை. கொம்பியூட்டரை ஒருக்கால் நிறுத்தி மறுபடி போட்டேன். வழமையான திரை வந்தது. ஃபைலைத் திறந்தேன். அந்தப் பெண் பட்டுச் சேலையில் சிரித்தாள்.

"இருக்கிறா, அண்ணை," என்றேன்.

அவர் தலையாட்டினார். இடத்தைவிட்டு அசையவில்லை. பிரின்டர் கடைசித் தாளைத் துப்பும்வரை அங்கேயே நின்றார். பிறகுதான் விலகினார். விலகினதும் மாமா சுவிட்சை இழுத்துவிட்டார்.

இருட்டுக்குள் போன் வெளிச்சத்தில் நானும் அவரும் ஸ்டேப்பிள் அடித்தோம். மாமாவும் வந்திருந்து தாள்களை மடித்துத் தந்தார். வாங்கிக்கொண்டேன். மாமாவோடு கதைக்கவில்லை.